இரண்டாம் ஓட்டுநரின் சம்மதம்

சொந்த லாரி வாங்கி ஆறு வாரம் ஆகிவிட்டது. இந்த ஆறு வாரத்தில் அர்த்தநாரி ஒரு நாள்கூட முழுசாகத் தூங்கவில்லை. முழுசாக விழித்திருக்கவும் இல்லை.

வெளியூர்க்காரர்களுக்கு இது விடுகதை போலத் தோன்றலாம். திருச்செங்கோட்டுப் பக்கம் அப்போது லாரி வைத்திருந்தவர்களில் பாதிப் பேர் இப்படித்தான் இருந்தார்கள். நெற்றியைச் சுற்றி விரல் அகலத்துக்கு ஒரு சாம்பல் நிறப் பட்டை. அதைக் கட்டிக்கொண்டுதான் ஓட்டினார்கள், சாப்பிட்டார்கள், கல்யாண வீட்டுக்கும் போய் மொய் வைத்துவிட்டு வந்தார்கள். போட்டோவில் அசிங்கமாகத் தெரிகிறது என்று பெண்டாட்டிமார்கள் திட்டினால், மேலே ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டார்கள்.

எல்லாம் ஒரு சட்டத்தால் வந்த வினை. நெடுஞ்சாலையில் லாரி தன்னைத்தானே ஓட்டிக்கொள்ளும் காலம் வந்துவிட்டது. ஆனாலும் ஸ்டீயரிங் முன்னால் விழித்த கண்ணோடு ஒரு மனிதன் இருந்தே ஆக வேண்டும். ஒரே டிரைவர் உள்ள வண்டி எட்டு மணி நேரம் ஓடியதும் கேபினில் இருக்கும் கேமரா வண்டியை நிறுத்திவிடும். டபுள் டிரைவர் வண்டி என்றால் இருபது மணி நேரம் ஓடலாம். சொந்த லாரிக்காரனுக்கு இரண்டாவது டிரைவர் என்றால் வருமானத்தில் பாதி போச்சு. அந்த இடத்தில்தான் பட்டைக் கம்பெனிக்காரன் வந்து சேர்ந்தான்.

அர்த்தநாரி பதினோரு வருடம் பிறத்தியார் லாரி ஓட்டியவன். அந்தப் பதினோரு வருடமும் கூட ஓட்டியவர் நாச்சிமுத்து. ஏழு வயது மூத்தவர், சொந்தம் இல்லாவிட்டாலும் மச்சான், மாப்ள என்றே பழகிப்போனவர். ஒருவர் ஓட்ட ஒருவர் தூங்க, குவாஹாத்தி வரைக்கும் போய் வந்தவர்கள். வண்டி வாங்கினால் நீயும் நானும்தான் என்று ஆயிரம் தடவை பேசியிருப்பார்கள். புது வண்டி பாடி கட்டி முடிந்து பெயிண்ட் காய்ந்துகொண்டிருந்த ஒரு காலை நேரத்தில், பட்டறைக்கு எதிரே இருந்த டீக்கடையில் வைத்து அர்த்தநாரி அந்தப் பேச்சை முறித்தான்.

"மச்சான், பட்டை கட்டிக்கலாம்னு இருக்கறனுங்க."

"அது என்ன பண்ணும்?"

"மூளைல ரெண்டு பாதி இருக்குதாமுங்க. டால்பின் ஒரு பாதியத் தூங்க வெச்சுட்டு இன்னொரு பாதியில நீந்துமாமுங்க. அதே மாதிரிதான். மூணு மணி நேரம் ஒரு பாதி தூங்கும், இன்னொரு பாதி ஓட்டும். பொறவு மாத்திக்கும். ஆளு ஒண்ணுதான், ஆனா சட்டப்படி ரெண்டு டிரைவரு."

நாச்சிமுத்து டீயை ஊதினார். அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. "ரெண்டு பாதியும் ஒரே மாதிரி ஓட்டுமா?"

"ஓட்டறதுல வித்தியாசம் இல்லீங்க. பேச்சு மட்டும் இடது பாதியில இருக்குதாம். வலது பாதி முழிச்சிருக்கறப்ப வாய் வராது. ஒண்ணு பார்த்தது இன்னொண்ணுக்கு அவ்வளவா ஞாபகம் இருக்காதுன்னு சொன்னாங்க."

"அப்ப வாயாடி டிரைவர் ஒருத்தன், ஊமை டிரைவர் ஒருத்தன். ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே சாப்பாடு." நாச்சிமுத்து சிரித்தார். "நல்ல ஓனர் ஆயிட்டடா மாப்ள."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். டீக்கு அவரே காசு கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் சங்ககிரி ரோட்டில் ஒரு எடைமேடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார் என்று யாரோ சொன்னார்கள். அர்த்தநாரிக்குச் சுருக்கென்று இருந்தது. அன்று மாலையே முதல் லோடு கிடைத்துவிட்டதால் அந்தச் சுருக்கை நினைக்க நேரம் இல்லாமல் போயிற்று.

வருமானம் என்னவோ கொட்டத்தான் செய்தது. மற்ற வண்டிகள் நாக்பூருக்கு ஒரு நடை போய்த் திரும்பும் நேரத்தில் இவன் இரண்டு நடை போய் வந்தான். தூக்கமும் பாதிப் பாதியாகக் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. உடம்புக்கு மட்டும் அந்தக் கணக்கு விளங்கவில்லை. கால் வீங்கியது. இடுப்பு பலகையாகிவிட்டது. நாக்பூர் ஆரஞ்சை உரித்துத் தின்றால் நனைந்த பஞ்சைத் தின்பது போல இருந்தது. வீட்டுக்கு வந்தாலும் பட்டையைக் கழற்ற முடியாது. கழற்றினால் மறுபடி பழக்குவதற்குப் பத்து நாள் வண்டி நிற்க வேண்டும். பத்து நாள் வண்டியை நிறுத்தும் தைரியம் எந்தப் புது ஓனருக்கு இருக்கிறது?

இதைவிட மோசமான ஒன்று நடந்தது, அது அவனுக்கே தெரியவில்லை. ஒரு தடவை ஆதிலாபாத் தாண்டி வண்டி நாற்பது நிமிடம் ஒரு புளியமரத்தடியில் சும்மா நின்றிருந்தது. வண்டியின் பதிவைப் பார்த்தான். வலது பாதியின் முறை. லோடு தாமதம் என்று சரக்குக் கம்பெனிக்காரன் வாடகையில் பிடித்துவிட்டான். அர்த்தநாரிக்கு வந்ததே கோபம். வேலைக்கள்ளன், நிழலைக் கண்டால் நிறுத்திவிடுகிறான், இவனுக்கு அடுத்த வேளை டீ கிடையாது என்று வாய்விட்டே திட்டினான். சொன்னபடி டீயும் குடிக்கவில்லை. தன் வயிற்றைத்தான் காயப்போடுகிறோம் என்பது அவனுக்கு உறைக்கவில்லை. பதினோரு வருடம் எந்த ஓனர்களைப் பார்த்துப் பல்லைக் கடித்தானோ, அவர்கள் பேசிய அதே பேச்சு.

சனிக்கிழமை மத்தியானம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது அவன் மனைவி மைனாவதி ரசத்தை ஊற்றிவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"நம்ம ஊட்டுக்கு ரெண்டு பேரு வர்றாங்க. ஒருத்தரு வந்தா லோடு, வாடகை, காண்ட்ராக்டுன்னு பேசிட்டே இருக்கறாரு. நறுமுகை பக்கத்துல வந்து நின்னா, 'என்ன அம்மிணி, எந்தக் கிளாஸ் படிக்கறே'ங்கறாரு, செக்போஸ்ட்டுல கேக்கற மாதிரி. பெத்த புள்ள எந்தக் கிளாஸுன்னு தெரியாதுங்களா?"

அர்த்தநாரி ரசத்தைப் பிசைந்துகொண்டிருந்தான்.

"இன்னொருத்தரு வாயே தொறக்கறதில்ல. போன தடவை அவளைத் தூக்கி மடியில வெச்சுட்டு ஒரு மணி நேரம் அப்படியே உக்காந்திருந்தாரு. கண்ணுல தண்ணி ஊத்திட்டே இருந்துது. புள்ள தன்ற பாவாடையில தொடைச்சு தொடைச்சு உட்டா."

"நானா?"

"நீங்கதான். உங்களுக்குத்தான் தெரியல."

அவனுக்கு உண்மையிலேயே எதுவும் ஞாபகம் இல்லை. யாரோ பக்கத்து வீட்டுக்காரனைப் பற்றிக் கேட்பது போலக் கேட்டுக்கொண்டான். "வியாழக்கிழமை நாமக்கல்ல காண்ட்ராக்டு கையெழுத்து," என்றான். "வடக்க போற சரக்குக் கம்பெனி. மூணு வருசம். காலி வண்டியாத் திரும்பற பேச்சே கெடையாது. மாசம் இருவத்தாறு நாளு ஓட்டம். மூணு வருசம் பல்லைக் கடிச்சுட்டு ஓட்டிட்டா இன்னொரு வண்டி வாங்கிரலாம். அப்பறம் நான் ஊட்டுல உக்காந்துக்கறன்."

"மூணு வருசத்துல நறுமுகைக்கு ஒம்போது வயசு ஆயிருமுங்க. அப்ப ஊட்டுல உக்கார்றது எந்த ஆளு? பேசறவரா, அழுகறவரா?"

அவன் அப்பளத்தை நொறுக்கிச் சோற்றில் போட்டான்.

"எனக்கு ஒருத்தரத்தான் கட்டி வெச்சாங்க," என்றாள் மைனாவதி. "வண்டி உங்களுது, கையெழுத்து உங்களுது. நான் குறுக்க நிக்கல. மனசுல இருந்தத சொல்லிட்டன்." இலையை எடுக்கப் போனவள், அவன் பாதிச் சாப்பாட்டில் கையை இலையிலேயே வைத்துக்கொண்டு அசையாமல் இருப்பதைப் பார்த்தாள். பட்டையில் பச்சை விளக்கு மாறி நீலம் வந்திருந்தது. வலது பாதி விழித்துவிட்டது. அந்த ஆள் அவளை நிமிர்ந்து பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். அவள் தாங்க மாட்டாமல் உள்ளே போய்விட்டாள்.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு அர்த்தநாரி நாமக்கல் போக்குவரத்து அலுவலகத்தில் இருந்தான். நீண்டகால ஒப்பந்தம் என்றால் பட்டைக்காரர்கள் இந்த அலுவலகத்தில் வந்து ஒப்புதல் கொடுத்தாக வேண்டும். இடது பாதி மட்டும் கையெழுத்துப் போட்டுவிட்டு வலது பாதியை அடிமாடாக ஓட்டுகிறார்கள் என்று யாரோ வழக்குப் போட்டு, இரண்டு பாதியும் தனித்தனியாகச் சம்மதிக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்திருந்தது. லாரிக்காரர்கள் இதை ஒரு வெட்டி வேலை என்றுதான் நினைத்தார்கள். அர்த்தநாரியும் அப்படித்தான் நினைத்தான்.

அதிகாரி ஜெயசுதா கடலூர்க்காரி. மாற்றலாகி வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. திரையைப் பார்த்து வாசித்தாள். "முதல் ஓட்டுநர் அர்த்தநாரி. இரண்டாம் ஓட்டுநர் நாச்சிமுத்து. சரிதானே சார்?"

அவனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "அதுங்க மேடம், ரெண்டு எடத்துலயும் ஒரே பேரப் போட்டா கம்ப்யூட்டர் ஏத்துக்கலீங்க. போன் நம்பரும் வேற கேட்டுச்சு. இந்தப் பக்கம் எல்லாருமே ஏதாவது ஒரு பேரு போட்டிருப்பாங்க. ஒருத்தரு மாமியா பேரே போட்டிருக்கறாரு. எனக்கு டக்குனு கைக்கு வந்தது எங்கூட ஓட்டுன மச்சான் பேருங்க. நம்பரும் அவருதுதான் மனப்பாடமா இருந்துது."

"பரவாயில்ல சார். பேர் எதுவா இருந்தாலும் பதிவு பதிவுதான்." அவள் சிரித்துவிட்டு வேலையைத் தொடங்கினாள். முதலில் இடது பாதியின் முறை. மூன்று வருடம், மாதம் இருபத்தாறு நாள், சம்மதமா என்றாள். அவன் சம்மதம் என்று தெளிவாகச் சொன்னான். வலது கையால் கையெழுத்தும் போட்டான். பிறகு அவள் பட்டையில் ஏதோ அழுத்தினாள். அதற்குமேல் அவனுக்கு எதுவும் தெரியாது.

விழித்தபோது பட்டை மேஜைமேல் கிடந்தது.

"இப்ப ரெண்டு பக்கமும் முழிச்சிருக்கு சார். விதிப்படி முழு ஆளா இருந்துதான் நீங்க பதிவைப் பார்த்து உறுதி செய்யணும். தண்ணி குடிங்க."

ஆறு வாரம் கழித்து அர்த்தநாரி முழு ஆளாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். மின்விசிறிச் சத்தம் அவ்வளவு பெரிதாகக் கேட்டது. தண்ணீர் இனித்தது. கூடவே ஆறு வாரத்துக் களைப்பும் மொத்தமாக வந்து தோளில் ஏறியது. கையைத் தூக்கி டம்ளரை வைக்க முடியவில்லை. நறுமுகையின் முகம் ஞாபகம் வந்தது, அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. இத்தனை நாள் அந்த முகம் ஞாபகம் வந்திருக்கிறது, இந்த ஏக்கம் வந்ததில்லை.

ஜெயசுதா திரையைத் திருப்பினாள். அதில் அவனே உட்கார்ந்திருந்தான். பத்து நிமிடத்துக்கு முந்தைய அவன், வலது பாதி மட்டும் விழித்த அவன். அவள் குரல் அதே கேள்வியைக் கேட்டது. முன்னால் பச்சைப் பொத்தானும் சிவப்புப் பொத்தானும் இருந்தன. அவன் எதையும் தொடவில்லை. அவள் மறுபடி கேட்டாள். அவன் சட்டைப் பையிலிருந்து லாரிச் சாவியை எடுத்தான். தோளில் கிடந்த துண்டால் அதை நன்றாகத் துடைத்தான். வளையம் அவள் பக்கம், பல் தன் பக்கமாக மேஜைமேல் வைத்தான். எழுந்து நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டான்.

"பொத்தான் அழுத்தல," என்றாள் ஜெயசுதா. "ஆனா வேற தெளிவான சைகை இருந்தா அதை எடுத்துக்க எனக்கு அதிகாரம் இருக்கு. வண்டிச் சாவியையே எங்ககிட்ட மரியாதையா ஒப்படைச்சுட்டாரு. வண்டி இனி உங்களுதுன்னு சொல்ற மாதிரிதானே? சம்மதம்னு போட்டுடறேன். நாலு மணிக்கு சர்வர் மூடிரும். நீங்க ஆமான்னு சொன்னா போதும்."

மணி மூன்று ஐம்பது.

அர்த்தநாரி சாவியையே பார்த்துக்கொண்டிருந்தான். விரலை வைத்தால் வண்டி கிளம்பும் காலத்திலும் இந்தப் பக்கத்து லாரிக்காரர்கள் ஒரு இரும்புச் சாவி இல்லாமல் டெலிவரி எடுக்க மாட்டார்கள். சாவிக்கு முறை இருக்கிறது. வேலையை விடும் டிரைவர் ஓனரிடம் சண்டை போட மாட்டான், காரணம் சொல்ல மாட்டான். சாவியைத் துடைத்து, வளையத்தை ஓனர் பக்கம் திருப்பி வைத்து, ஒரு கும்பிடு போடுவான். உங்கள் பொருள் உங்களிடம் சேர்ந்தது, நான் வருகிறேன் என்று அர்த்தம். அதற்கப்புறம் எந்த ஓனரும் தடுத்துப் பேசக் கூடாது. காய்ச்சலோடு ஒன்பது நாள் விடாமல் ஓட்டவைத்த ஒரு ஓனரின் மேஜையில் அர்த்தநாரியே இப்படிச் சாவி வைத்துவிட்டு வந்திருக்கிறான். அந்த ஓனர் ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டே வாசல் வரை வந்தார். அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

கடலூர்க்காரிக்கு இதெல்லாம் தெரிய நியாயம் இல்லை. தெரிந்தவன் அந்த அறையில் அவன் ஒருவன்தான். ஒரு "ஆமா" சொன்னால் போதும். மூன்று வருடம், அப்புறம் இரண்டாவது வண்டி. சொல்லிவிடலாம் என்று ஒரு நிமிடம் நினைத்தான், அதை மறைப்பானேன்? வாயைக்கூடத் திறந்தான். திரையில் அந்த ஆள் இன்னும் உட்கார்ந்திருந்தான். கன்னம் ஒட்டி, கண் குழி விழுந்து, பார்க்கவே பாவமாக இருந்தான். அவனுக்குப் பேச வாய் இல்லை. இந்த உலகத்தில் அவன் சொன்னதைப் புரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஓனர் முன்னால் சாவியை வைத்துவிட்டு நம்பிக்கையோடு உட்கார்ந்திருக்கிறான்.

"இல்லீங்க மேடம்," என்றான் அர்த்தநாரி. "அது சம்மதம் இல்லீங்க. டிரைவரு வேலைய உட்டு நின்னுக்கறாருங்க."

ஜெயசுதா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். "நிச்சயமா சார்? விலகல்னு போட்டா ஒப்பந்தம் இப்பவே ரத்து. ஒரு வருஷத்துக்கு நீங்க விண்ணப்பிக்க முடியாது."

"நிச்சயமுங்க. நானே மூணு எடத்துல இப்படி நின்னிருக்கறன். போட்டுருங்க."

அவள் தட்டினாள். அவ்வளவுதான், முடிந்தது. பெரிதாக ஏதோ உடையும் என்று பயந்திருந்தான். ஒன்றும் உடையவில்லை. இறுக்கிக் கட்டிய கயிற்றை லோடுமேலிருந்து அவிழ்த்தால் தார்ப்பாய் ஒரு பெருமூச்சு விடுமே, அப்படி ஒரு மூச்சு அவனிடமிருந்து வந்தது. பட்டையை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் மேடம் என்று சொல்லிவிட்டுச் சாவியை மட்டும் எடுத்துக்கொண்டான்.

வாசல் படி இறங்குவதற்குள் போன் அடித்தது. நாச்சிமுத்து. இரண்டு மாதத்துக்குப் பிறகு.

"மாப்ள, எனக்கு ஒரு மெசேஜ் வந்திருக்குது. 'உங்கள் பணி விலகல் ஏற்கப்பட்டது'ங்குது. நான் பாட்டுக்கு எடைமேடையில உக்காந்திருக்கறன். எந்த வேலைய உட்டு நின்னன்னு தெரியாம எனக்குத் தலைய சுத்துது."

அர்த்தநாரி படியிலேயே உட்கார்ந்துவிட்டான். பெயர் போட்ட கதையிலிருந்து சாவி வைத்த கதை வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னான். முடித்ததும் நாச்சிமுத்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தொடைச்சா வெச்சான்?"

"தொடைச்சுத்தானுங்க மச்சான்."

"அப்பச் சரி. மொறை தெரிஞ்ச டிரைவருதான்."

"மச்சான், நான் பண்ணுனது தப்புங்க. என்ற வண்டிக்கு வருவீங்களா? பேட்டாவுக்கு இல்லீங்க. வர்றதுல பாதி."

"பாதி எனக்குப் போச்சுன்னா வண்டி வாங்குனதே வீண்னு நாளைக்கு நெனைப்பே."

"நெனைக்கறனுங்க. இப்பவே நெனைக்கறன். இருந்தாலும் வாங்க."

நாச்சிமுத்து சிரித்தார். இந்தத் தடவை அந்தச் சிரிப்பு குத்தவில்லை. "மாசத்துல எட்டு நாளு வண்டி நிக்கோணும். நின்னா ஏன்னு நீ கேக்கக் கூடாது."

"கேக்க மாட்டனுங்க."

"இப்ப நீ வண்டிய எடுக்காதே. உன்ற கொரலே தூக்கத்துல இருக்குது. நான் பஸ் ஏறி வர்றன். நானே ஓட்டிட்டுப் போய் உன்னைய ஊட்டுல எறக்கி உடறன்."

அலுவலக வாசலில் வேப்பமர நிழலில் லாரி நின்றது. அர்த்தநாரி அதன் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்து மைனாவதிக்குப் போன் போட்டான். கையெழுத்து இல்லை, காண்ட்ராக்ட் ரத்து, பட்டையைக் கொடுத்துவிட்டேன், மச்சான் வருகிறார், வருமானம் இனிப் பாதிதான் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தான். சொல்லச் சொல்லக் கண்ணில் தண்ணீர் வழிந்து சட்டையில் விழுந்தது. நிறுத்த முடியவில்லை, நிறுத்த வேண்டும் என்றும் தோன்றவில்லை.

அவன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"மைனா, கேக்குதா?"

"கேக்குதுங்க. ஏனுங்க, நீங்க அழுகறீங்க."

"ஆமா."

"பேசிட்டே அழுகறீங்க."

"ஆமா அம்மிணி."

அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு பாத்திரம் உருளும் சத்தம், குழாயைத் திறக்கும் சத்தம்.

"சரி, வாங்க. மூணு பேருக்கு அரிசி போடறன்."

"மச்சானும் நானும் ரெண்டு பேருதான வர்றோம்?"

"அண்ணன் ஒருத்தரு, நீங்க ரெண்டு பேரு. ஆறு வாரமா ரெண்டு பேருமே ஒழுங்காச் சாப்புடலீங்க."